கணக்குப்பிள்ளைக்குச் சேராத 499 ரூபாய்

சட்டப் படிப்பில் முதலாண்டு முடியும் கட்டத்தில் இருக்கிறேன். ஒப்பந்தச் சட்டம் முதல் தாளில் படித்த வழக்குகளில் பாதி இப்போதே வெறும் பெயராகத்தான் நினைவில் நிற்கின்றன. ஒன்று மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. 1913-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன லால்மன் சுக்லா எதிர் கௌரி தத். சட்டக் கல்லூரிப் பக்கம் ஒதுங்கியவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும். ஆஃபர் (முன்மொழிவு), அக்செப்டன்ஸ் (ஏற்பு) பாடம் தொடங்கியதுமே வந்துவிடும், வந்த வேகத்தில் போயும் விடும். அந்த மனிதருக்குப் பணம் கிடைத்திருக்க வேண்டும் என்று முதல் நாளே எனக்குப் பட்டது. அது வெறும் இரக்கம் என்று பக்கத்து பெஞ்ச் தோழி சொன்னாள். இரக்கம் என்றால் ஒரு வாரத்தில் வடிந்திருக்கும். இது வடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கைடு சொல்லும் கதை இவ்வளவுதான். கான்பூர்க்காரர் கௌரி தத்தின் உடன்பிறந்தார் மகன் வீட்டை விட்டு ஓடிவிடுகிறான். தன்னிடம் முனீமாக, நம் பேச்சில் கணக்குப்பிள்ளையாக, வேலை பார்த்த லால்மன் சுக்லாவை ஹரித்வார் பக்கம் போய்த் தேடச் சொல்லி அனுப்புகிறார். அவர் கிளம்பிப் போன பிறகு, பையனைக் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று கைப்பிரதி அச்சடித்து விடுகிறார். சுக்லா பையனைக் கண்டுபிடிக்கிறார், பிறகு பரிசைக் கேட்டு வழக்குப் போடுகிறார், தோற்கிறார். காரணம்: முன்மொழிவு இருப்பதே தெரியாமல் ஒருவர் அதை ஏற்றுக்கொள்ள முடியாது. தேர்வுக்கு இது போதும். மேடமும் அன்றைக்கு இதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பேர் ஆக்டில், அதாவது விளக்கவுரை இல்லாத சட்ட மூலத்தில், முதல் 75 பிரிவுகளை ஒரு செமஸ்டருக்குள் ஓட்டியாக வேண்டும்.

ஒரு வரிக்குள் அடைத்த மனிதர்கள்

முதலாண்டில் நாம் கேஸ் லா படிக்கும் விதம் ஒன்று இருக்கிறது. பெயர், ஆண்டு, ஒரு வரி. கார்லில் என்றால் பொதுமக்களுக்கு விடும் முன்மொழிவு. மோஹரி பீபி என்றால் மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பால்ஃபோர் என்றால் கணவன் மனைவிக்குள் சட்ட உறவு ஏற்படுத்தும் எண்ணம் கிடையாது. சின்னையா எதிர் ராமையா என்றால் மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகத் தருவது, வேறொருவரிடமிருந்தும் வரலாம். சீனியர்கள் கொடுக்கும் நோட்ஸில் இவை வரிசையாக இருக்கும், பக்கத்தில் ஸ்டார் போட்டிருக்கும். ஸ்டார் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தடவை தேர்வில் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த முறையை நான் கேலி செய்யவில்லை. சுருக்கம் இல்லாமல் இந்தச் சட்டத்தைப் படிக்கவே முடியாது. 1872 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த சட்டம். முதலில் 266 பிரிவுகள். சரக்கு விற்பனைப் பகுதி 1930-லும் கூட்டாண்மைப் பகுதி 1932-லும் தனிச் சட்டங்களாகப் பிரிந்து போன பிறகும் மிச்சம் இருப்பதே ஏராளம். ஒவ்வொரு பிரிவுக்கும் லண்டன், கல்கத்தா, சென்னை, அலகாபாத் என்று வழக்குகள். யாராவது சாறு பிழிந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பிழிகிறவர் எதைச் சாறு என்கிறார், எதைச் சக்கை என்கிறார் என்பதை எப்போதாவது எட்டிப் பார்க்க வேண்டாமா?

கார்லிலை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பாலிக் புகையுருண்டை என்ற மருந்துப் பொருளை வாங்கி உபயோகித்தும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. அதோடு நிற்காமல், நாங்கள் சும்மா சொல்லவில்லை என்று காட்ட அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்றும் அதே விளம்பரத்தில் எழுதியது. வழக்கில் கம்பெனியைக் கவிழ்த்தது அந்த ஆயிரம்தான். விளையாட்டுப் பேச்சு என்று பிறகு வாதாட வழியில்லாமல் போயிற்று. லூயிசா கார்லில் மூன்று வேளையும் விடாமல் உபயோகித்தார், காய்ச்சல் வந்தது, பணமும் வந்தது. அதற்குப் பிறகு 1942 வரை, 96 வயது வரை வாழ்ந்தார். கடைசித் தகவல் தேர்வுக்கு உதவாது. வங்கியில் போட்ட பணம் உதவும், கட்டாயம் உதவும். அதையே பல கைடுகள் விட்டுவிடுகின்றன. அப்படியென்றால் லால்மன் சுக்லாவில் எதை விட்டிருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

தீர்ப்பையே படித்தபோது

நூலகத்தில் பழைய தொகுதிகள் இருக்கும் அலமாரிக்கு முதலாண்டுக்காரர்கள் அதிகம் போவதில்லை. மூட் கோர்ட்டுக்கு, அதாவது மாதிரி நீதிமன்ற வாதத்துக்கு, தயாராகும் மூன்றாமாண்டு அக்காக்கள்தான் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர்தான், "இந்தத் தீர்ப்பு ரொம்பச் சின்னதும்மா, பிரின்ட் எடுத்துட்டுப் போய் முழுசாப் படி, கைடை நம்பாதே" என்றார். உண்மையிலேயே சின்னது. ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடலாம். படித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினேன்.

முதலில் நான் எதிர்பார்க்காத சங்கடம். பரிசுத் தொகையைத் தருவதாக முதலாளி தன்னை அனுப்பும்போதே சொன்னார் என்று சுக்லா தன் மனுவில் எழுதியிருந்தார். அது உண்மையில்லை என்று நீதிமன்றம் கண்டது. கைப்பிரதிகள் அவர் ஹரித்வாருக்குப் போன பிறகுதான் வெளியாயின. ஆக நம்முடைய ஆள் அப்பழுக்கில்லாதவர் இல்லை. வழக்கை ஜெயிக்கக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். பையனை ரிஷிகேசத்தில் கண்டுபிடித்துத் தந்தி அடித்ததும் முதலாளி நேரில் வந்து அழைத்துப் போனார். கான்பூர் திரும்பியதும் சுக்லாவுக்கு இரண்டு சவரன், பின்னால் 20 ரூபாய். அவர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். ஏறக்குறைய ஆறு மாதம் அதே இடத்தில் வேலை பார்த்தார். பிறகு வேலையை விட்டு நீக்கினார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கு. கேட்ட தொகை 499 ரூபாய்.

இந்த ஆறு மாதத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருந்தவரைக்கும் பரிசைப் பற்றிப் பேச்சில்லை, வேலை போனதும் வழக்கு. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கோபத்தில் பழிவாங்கப் போட்ட வழக்கு என்பது ஒன்று. படியளக்கிறவரிடம் பரிசுக் காசைக் கேட்கிற தைரியம் யாருக்கும் வராது என்பது இன்னொன்று. தீர்ப்பு இரண்டில் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

அடுத்து வருவதுதான் எனக்கு எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கைப்பிரதிகள் சுக்லா கிளம்பிய பிறகு வந்தவை என்று சொன்ன கையோடு, அவற்றில் சில அவருக்கு ஹரித்வாருக்கே அனுப்பப்பட்டதாகத் தெரிகிறது என்றும் தீர்ப்பு சொல்கிறது. அனுப்பப்பட்டதா? அப்படியானால் பரிசு அவருக்குத் தெரியவே தெரியாது என்று நாம் ஒப்பிக்கும் அந்த ஒரு வரி என்ன ஆகிறது? பையனைப் பிடிப்பதற்கு முன்னால் அந்தத் தாள் அவர் கைக்குக் கிடைத்திருக்கலாம். நீதிபதி அந்தக் கேள்விக்குள் இறங்கித் தேதி பார்க்கவில்லை. முன்மொழிவு தெரியாமல் ஏற்பு கிடையாது, உள்நோக்கம் முக்கியமில்லை, அறிவும் எண்ணமும் முக்கியம் என்ற பொது விதியைச் சொல்கிறார். அது சரியான விதி. பிரிவு 8-ல் நிபந்தனையை நிறைவேற்றுவதே ஏற்பு என்று பொத்தாம்பொதுவாக இருந்தாலும், பிரிவு 4-ஐச் சேர்த்துப் படித்தால் ஒருவருக்குத் தெரியவந்தால்தான் முன்மொழிவு அவரிடம் போய்ச் சேர்ந்ததாகும். ஆனால் சுக்லாவை வீழ்த்தும் இடத்துக்கு வரும்போது அவர் கையில் எடுப்பது வேறு காரணம்.

அந்தக் காரணம் கடமை. சுக்லா வேலைக்காரர். வேலைக்காரராகத்தான் தேடப் போனார். முதலாளியின் உறவுப் பையனைத் தேடுவது ஒரு முனீமின் வழக்கமான வேலைக்குள் வராது என்று நீதிபதியே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் ஹரித்வார் போகிறேன் என்று சம்மதித்த நிமிடத்தில் அந்தக் கடமை அவர் தலையில் ஏறிவிட்டது. பரிசு அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகு. ஏற்கெனவே செய்தாக வேண்டிய ஒன்றைச் செய்தது புதிய வாக்குறுதிக்கு மறுபயன் ஆகாது. ஆகவே பணம் கிடையாது.

கைடில் இந்தப் பத்தி இல்லவே இல்லை. சக்கை என்று நினைத்து வீசியிருக்கிறார்கள். என் கணக்கில் வழக்கே இதில்தான் நிற்கிறது.

சம்மதித்ததற்கு என்ன கொடுத்தார்கள்?

தகவல் தெரியாமல் தோற்றார் என்றால் நானும் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பேன். சட்டம் அப்படித்தான் இருக்க முடியும். கடமை இருந்ததால் தோற்றார் என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் சொந்தப் பிரிவுகளையே கையில் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். வழக்கமான வேலைக்கு வெளியே இருக்கும் ஒன்றைச் செய்கிறேன் என்று சுக்லா சம்மதித்தாரே, அந்தச் சம்மதமும் ஓர் உடன்பாடுதானே? பிரிவு 25 என்ன சொல்கிறது? மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது. அப்படியானால் அவருடைய அந்தச் சம்மதத்துக்கு மறுபயன் எங்கே? கொடுத்தது ரயில் செலவு. அது செலவுப் பணம், போய் வந்ததும் தீர்ந்துபோகும். மறுபயன் இல்லையென்றால் உடன்பாடு செல்லாது. உடன்பாடு செல்லாதென்றால் கடமை இல்லை. கடமை இல்லையென்றால் கைப்பிரதியைப் பார்த்த பிறகு அவர் தேடிய ஒவ்வொரு மணி நேரமும் புது மறுபயன்தான்.

இன்னொரு பக்கமிருந்தும் வரலாம். நம் சட்டத்தில் பிரிவு 2(டி), வாக்களிப்பவரின் விருப்பத்தின்பேரில் ஏற்கெனவே செய்து முடித்ததையும் மறுபயனாக எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்துச் சட்டம் இந்த இடத்தில் நம்மைவிடக் கஞ்சத்தனமானது. விருப்பம் என்ற இந்த நிபந்தனையால்தான் 1880-ல் துர்கா பிரசாத் எதிர் பல்தேவ் வழக்கில் கடைகளைக் கட்டியவர் தோற்றார். கலெக்டர் சொன்னதால் கட்டினார், பிறகு கமிஷன் தருவதாகச் சொன்ன கடைக்காரர்கள் கேட்டுக் கட்டவில்லை. சுக்லா விஷயத்தில் அந்தச் சிக்கல் கிடையாது. கௌரி தத்தே கூப்பிட்டு, கௌரி தத்தே அனுப்பினார். விருப்பம் யாருடையது என்பதில் இம்மியும் சந்தேகமில்லை.

இங்கிலாந்து வழக்குகளும் இதே முடிச்சை அவிழ்த்துப் பார்த்திருக்கின்றன. 1809-ல் ஸ்டில்க் எதிர் மைரிக். பால்டிக் கடல் போன கப்பலிலிருந்து இரண்டு மாலுமிகள் ஓடிவிட, மிச்சம் இருந்தவர்களுக்கு அவர்கள் கூலியையும் பிரித்துத் தருகிறேன் என்றார் கேப்டன். ஊர் திரும்பியதும் கிடையாது என்றார்கள், நீதிமன்றமும் கிடையாது என்றது. ஆள் குறைந்தாலும் கப்பலை ஓட்டுவது அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலைதான். 1857-ல் ஹார்ட்லி எதிர் பான்சன்பி. 36 பேர் இருந்த கப்பலில் 19 பேர்தான் மிச்சம். அதற்கு மேல் கடலில் போவதே ஆபத்து என்ற நிலையில் பழைய கடமை முடிந்துபோனது, கூடுதல் கூலி செல்லும் என்றது நீதிமன்றம். இந்த இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், வேலையின் எல்லை எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வியே என்று புரியும். கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஊர்விட்டு ஊர் போய்ப் பையனைத் தேடுவது ஸ்டில்க்கின் கப்பலா, ஹார்ட்லியின் கப்பலா? வழக்கமான வேலை இல்லை என்று எழுதிய கையாலேயே நீதிபதி முதல் கப்பலில் சுக்லாவை ஏற்றிவிட்டார் என்பது என் கட்சி.

மறுக்க முடிந்தவர் யார்

தோழி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் சம்மதிச்சார், அவ்வளவுதான். யாரும் கழுத்துல கத்தி வைக்கலையே" என்றாள். பிரிவு 10-ல் சுதந்திரமான சம்மதம் என்று இருக்கிறது, 14-லிருந்து அது எப்போது சுதந்திரமில்லை என்று பட்டியல் இருக்கிறது, சுக்லா அதில் எதையும் வாதாடவில்லை என்பது அவள் வாதம். நியாயமான வாதம். கேட்காத கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லாது.

ஆனால் அந்தப் பட்டியலின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் கண்ட இரண்டு வழக்குகளை அதே வாரம் படித்துக்கொண்டிருந்தோம். 1889-ல் ரங்கநாயகம்மா எதிர் ஆழ்வார் செட்டி. கணவன் இறந்துபோன 13 வயதுப் பெண். ஒரு பையனைத் தத்தெடுத்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று அந்தப் பையனின் உறவினர்கள் வழிமறிக்கிறார்கள். அவள் சம்மதிக்கிறாள். அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். 1917-ல் சிக்கம் அம்மிராஜு எதிர் சிக்கம் சேஷம்மா. எழுதிக் கொடுக்காவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியையும் மகனையும் தன் அண்ணன் தம்பி பெயருக்குச் சொத்தை விட்டுக்கொடுக்க வைக்கிறார் ஒருவர். இது பிரிவு 15 சொல்லும் வலுக்கட்டாயமா, அதாவது தண்டனைச் சட்டம் தடைசெய்த ஒன்றைச் செய்வேன் என்ற மிரட்டலா? தற்கொலை செய்து முடித்தவரைச் சட்டம் தண்டிக்க முடியாதே, அப்புறம் அது தண்டனைச் சட்டம் தடைசெய்த செயலா? நீதிபதிகளுக்குள்ளேயே பிளவு. பெரும்பான்மை ஆம் என்றது. ஓல்டுஃபீல்டு மட்டும் பிரிவு 15-இன் வார்த்தைகளை அவ்வளவு இழுக்கக் கூடாது என்று தனியாக எழுதினார். படிக்கும்போது எனக்கு ஓல்டுஃபீல்டு சட்டமாகப் பேசுவது போலவும், மற்ற இருவரும் அந்த வீட்டுக்குள் நின்று பேசுவது போலவும் இருந்தது. தேர்வில் பெரும்பான்மையை எழுதினால் போதும். ஆனால் இரண்டையும் படித்தவர்களுக்குத்தான் அந்தப் பிரிவு எவ்வளவு குறுகலானது என்று தெரியும்.

ஆக, சம்மதம் சொன்ன வாய்க்குப் பின்னால் யார் நின்றுகொண்டிருந்தார் என்று பார்க்க நம் நீதிமன்றங்களுக்குத் தெரியும். இழவு வீட்டில் பார்த்தார்கள், கணவனின் மிரட்டலில் பார்த்தார்கள். சம்பளம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் பார்க்கத்தான் வெகுநாள் ஆயிற்று. ஒரு பொதுத்துறை நிறுவன ஊழியரைக் காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து எடுக்கலாம் என்ற விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1986-ல் பிரஜோ நாத் கங்குலி வழக்கில் சொன்னது. பேரம் பேசும் பலம் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாதபோது, புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாதவரின் நிலையை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகப் பேசியது. லால்மன் சுக்லாவுக்கும் கங்குலிக்கும் நடுவே 73 ஆண்டு.

குடும்பத்துக்குள் என்றால் சட்டம் வேறு மாதிரி ஒதுங்கிக்கொள்ளும். பால்ஃபோர் இலங்கையில் நீர்ப்பாசனத் துறை அதிகாரி. உடல்நலம் சரியில்லாத மனைவியை இங்கிலாந்தில் விட்டுவிட்டு 1916-ல் கப்பல் ஏறும்போது மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார். பிறகு பிரிவு, பிறகு வழக்கு. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்த மனைவி 1919-ல் மேல்முறையீட்டில் தோற்றார். இதைப் படித்து நான் பெரிதாக வருந்தவில்லை. எங்கள் வகுப்பில் எல்லாரையும் நெளிய வைத்தது ஜோன்ஸ் எதிர் படவாட்டன். டிரினிடாடில் இருக்கும் அம்மா, வாஷிங்டனில் இந்தியத் தூதரகத்தில் நல்ல வேலையில் இருந்த மகளிடம், வேலையை விட்டுவிட்டு லண்டன் போய்ச் சட்டம் படி, மாதம் 200 டாலர் தருகிறேன் என்கிறார். எந்த நாட்டு டாலர் என்பதிலேயே குழப்பம். மகள் அமெரிக்க டாலர் என்று நினைத்தாள், அம்மா மனதில் இருந்தது மேற்கிந்தியத் தீவுகள் டாலர். ஆண்டுகள் ஓடியும் மகள் தேர்வுகளை முடித்தபாடில்லை. அம்மா வாங்கிக் கொடுத்த வீட்டை அம்மாவே காலி செய்யச் சொல்ல, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பெரும்பான்மை நீதிபதிகள் இதைக் குடும்ப ஏற்பாடு என்றார்கள். சால்மன் மட்டும் ஒப்பந்தம் இருந்தது, ஆனால் படித்து முடிக்க நியாயமாக ஆகும் காலம் வரைக்கும்தான் என்றார். மேடம் அந்தக் காலக்கெடுவைச் சொல்லிவிட்டு வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். அரியர் வைத்திருக்கும் யாரும் நிமிரவில்லை.

பிண்ணாக்கு வியாபாரிகளின் நியாயம்

தோழியின் இரண்டாவது வாதம்தான் என்னைக் கொஞ்சம் அசைத்தது. "எல்லார் மனசுக்குள்ளயும் போய்ப் பார்த்துக்கிட்டிருந்தா யாவாரம் எப்படி நடக்கும்?" என்றாள். அதற்கு அவள் கையில் எடுத்தது பகவான்தாஸ் கேடியா வழக்கு, 1966. அகமதாபாத்திலிருந்து ஒருவர் போனில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு கேட்கிறார். காம்காமில் இருப்பவர் போனிலேயே சரி என்கிறார். சரக்கு வரவில்லை. வழக்கை எந்த ஊரில் போடுவது? தபாலில் ஏற்பை அனுப்பினால் தபாலில் போட்டதுமே முன்மொழிந்தவர் கட்டுப்பட்டுவிடுவார். போனில்? 1872-ல் சட்டம் எழுதியவர்களுக்குத் தொலைபேசியே தெரியாது, பெல் காப்புரிமை வாங்கியதே 1876-ல். சரி என்ற சொல் காதில் விழுந்த ஊர்தான் ஒப்பந்தம் பிறந்த ஊர் என்றது பெரும்பான்மை. ஹிதாயத்துல்லா மட்டும், பிரிவு 4-ஐ அப்படியே படித்தால் சொன்னவர் வாயைவிட்டுப் போனதுமே ஏற்பு முடிந்துவிடுகிறது என்று மாறுபட்டு எழுதினார். எனக்கு அவர் வாசிப்புதான் பிரிவுக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது. ஆனால் பிண்ணாக்கு வியாபாரிக்கு யார் வாசிப்பு அழகு என்பது முக்கியமில்லை. நாளைக்கு எந்த ஊர் கோர்ட்டுக்கு வண்டி ஏற வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இதை மறுக்க என்னிடம் பெரிய பதில் கிடையாது. இரண்டு வியாபாரிகள் நடுவே விதி தெளிவாக இருப்பதே ஒரு நீதிதான். அவர்கள் தப்பாகப் போட்ட ஒப்பந்தத்தை அடுத்த தடவை சரியாகப் போட்டுக்கொள்வார்கள். சுக்லா மாதிரி ஆளுக்கு அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. அதனால்தான் வியாபாரிக்கு எழுதிய விதியை வேலைக்காரருக்கு அளக்கும்போது, வேலையின் எல்லை எது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கலாமே என்கிறேன். சட்டத்தை மாற்றக்கூட வேண்டியதில்லை. பிரிவு 25-ஐப் புரட்டியிருந்தால் போதும்.

விடைத்தாளின் ஓரத்தில்

இன்டர்னல்ஸில் இதே வழக்கைச் சற்றே உருமாற்றிக் கேட்டிருந்தார்கள். நான் முதலில் கைடில் இருக்கும் காரணத்தை எழுதினேன், மதிப்பெண் முக்கியம். பிறகு கடமைக் காரணத்தை எழுதி, அதன் மேல் பிரிவு 25 வாதத்தை வைத்து, பரிசு கிடைக்க வேண்டும் என்று முடித்தேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது வாதத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்லும் கேள்விக்குறியும் இருந்தது: சம்பளம்?

மேடம் எங்கே கைவைத்தார் என்பது உடனே தெரிந்தது. மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவர், ஹரித்வாரில் இருந்த நாட்களுக்கும் சம்பளம் வாங்கியிருப்பார். அதுதான் அவருடைய சம்மதத்துக்கு மறுபயன் என்று கௌரி தத்தின் வக்கீல் சொல்லலாம், என் கோபுரம் சரிந்துவிடும். பதிலுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: சொன்ன வேலை எதுவானாலும் சம்பளத்துக்குள் அடக்கம் என்றால், வழக்கமான வேலைக்குள் இது வராது என்று நீதிபதி மெனக்கெட்டு எழுதிய வரிக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. இந்தப் பதில் போதுமா என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் முனீமாக வேலைக்குச் சேர்ந்தபோது என்ன பேசிக்கொண்டார்கள் என்பது தீர்ப்பில் இல்லை, அது இருந்தால்தான் இந்தச் சண்டை தீரும்.

அடுத்த செமஸ்டரில் ஒப்பந்தச் சட்டம் இரண்டாம் தாள். முகமை, அதாவது ஒருவருக்காக இன்னொருவர் காரியம் நடத்துவது, அதில்தான் வருகிறது. முதன்மையானவர் சொன்னபடி காரியம் நடத்த வேண்டும் என்ற பிரிவு 211, முகவரின் ஊதியம் எப்போது சேரும் என்ற 219 எல்லாவற்றிலும் இப்போதே பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தோழி கல்லூரிக்குள் நடக்கும் மூட் கோர்ட்டில் கௌரி தத் பக்கம் பேசப் பெயர் கொடுத்துவிட்டாள். என் விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். சிவப்பு மையும் சேர்ந்துதான் விழுந்திருக்கிறது.